பச்ச மண்ணு

மூன்றாம் நாள், இரவு

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

மத்தியானம் வரை பாலாடையில் ஊற்றியதைச் சப்புக்கொட்டிக் குடித்தவள், சாயங்காலம் பாலைக் கடைவாயில் வழியவிட்டாள். அழவில்லை. துணியைக் காலால் எத்தவில்லை. "அசந்து தூங்குறாம்மா" என்றாள் என் மகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று திருப்தியும் பட்டேன். நர்ஸ் வந்தார். நெற்றிப் பக்கம் போகவே இல்லை. உள்ளங்காலைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார், மறுபடி உள்ளங்கால். "கால் சில்லுனு இருக்கேம்மா. கடைசியா எப்ப நல்லாக் குடிச்சா?" பதிலுக்குக் காத்திராமல் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

34 வாரத்தில் பிறந்தவள். எடை 1,810 கிராம். இன்னும் பெயர் வைக்கவில்லை. மணிக்கட்டில் கட்டிய சீட்டில் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். விலங்கியல் டீச்சர் வராத நாட்களில் அந்த வகுப்பும் என் தலையில் விழும். காய்ச்சல் என்பது நோயல்ல, உடம்பு கிருமியோடு போராடுவதன் அடையாளம் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மூன்று நாள் குழந்தைக்கு அந்த வாக்கியத்தை அப்படியே பொருத்த முடியாது என்று அறுபத்தைந்து வயதில், ஒரு நர்சின் கை உள்ளங்காலுக்குப் போனதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. பையில் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடந்தது, பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். எழுதினால் கை நடுங்காமல் இருக்கிறது.


நள்ளிரவு தாண்டி

டாக்டர் வெளியே வந்து பேசினார். சின்னப் பெண். "இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம் பாட்டி. இல்லாமலும் போகலாம். முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டோம்."

பிளட் கல்ச்சருக்கு ஒரு மில்லி ரத்தம் எடுத்தார்களாம். ஒரு கிலோ எடைக்கு 80, 90 மில்லி ரத்தம் என்று கணக்கு. இவள் உடம்பில் இருப்பதே மொத்தம் 150 மில்லி சொச்சம். வீட்டில் நாங்கள் காப்பி குடிக்கும் டம்ளர் அதைவிடப் பெரிது. அந்த டம்ளருக்குள் ஏதோ நடக்கிறது. அது என்ன என்று தெரிய, புட்டியில் கிருமி வளர்ந்து காட்ட வேண்டும், ஒன்றிரண்டு நாளாகும். சிஆர்பி என்று ஒன்று பார்க்கிறார்கள், கல்லீரல் சுரக்கும் புரதம். அதுவும் தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் ஏறும்.

ஆக, இப்போதைக்குக் கையில் இருப்பது அந்தச் சில்லென்ற கால் மட்டும்தான்.

போனில் படித்தேன். பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்க உலக சுகாதார நிறுவனம் சில அறிகுறிகளைச் சொல்கிறது. பால் சரியாகக் குடிக்காமல் இருப்பது. வலிப்பு. நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும் மூச்சு. மூச்சிழுக்கும்போது நெஞ்சு பலமாக உள்வாங்குவது. தொட்டால் மட்டும் அசைவது, அல்லது அசையாமலே கிடப்பது. உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும். அல்லது 35.5-க்குக் கீழே. பெரியவர்களுக்கான பட்டியல் என்றால் வலி, இருமல், நடுக்கம், பிதற்றல் என்று ஆர்ப்பாட்டமாக இருக்கும். இந்தப் பட்டியலில் பாதி, ஒரு குழந்தை செய்யாமல் விட்ட காரியங்கள்.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்றொரு மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1995-லிருந்து 39 கிராமங்களில் ஒரு முயற்சி செய்தார்கள். ஊருக்கு ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கவும், தொற்று என்று தோன்றினால் ஜென்டாமைசின் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷத்தில், ஒப்பிட எடுத்துக்கொண்ட கிராமங்களைவிடப் பச்சிளங்குழந்தைகளின் சாவு 62 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல். அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, குழந்தை அடங்கிப்போவதைக் கவனிக்கும் வித்தை. இன்று அந்த வித்தை எனக்கு இல்லாமல் போனது. பதிந்து வைக்கிறேன்.


நாலாம் நாள்

உள்ளே வார்மருக்கு அடியில் படுத்திருக்கிறாள். ஒரு கையில் ட்ரிப்ஸ். ஒரு நிமிஷம் பார்க்கவிட்டார்கள்.

குழந்தை குளிர்ந்துபோவது ஏன்? அதற்கு நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்ளும். மாதம் நிறையாமல் பிறந்ததற்கு அந்தக் கொழுப்பே குறைச்சல். காய்ச்சல் என்பதோ செலவு பிடித்த காரியம்: உடம்பு ஒரு டிகிரி ஏற, பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக எரிக்க வேண்டும். பெரியவர்கள் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழிக்கலாம். 1,810 கிராமில் எதை எடுத்துச் செலவழிப்பது?

ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இதை வெறும் இயலாமையாகப் பார்ப்பதில்லை. கிருமியைக் கொல்வது ஒரு வழி. கிருமி இருக்கும்போதே உறுப்புகள் கெடாமல் தாக்குப்பிடிப்பது இன்னொரு வழி. பச்சிளங்குழந்தை இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறார்கள். கோபன்ஹேகனில், மாதம் நிறையாமல் எடுத்த பன்றிக்குட்டிகளுக்கு, மனிதக் குழந்தைகளுக்கு வருவது போன்ற தொற்றை உண்டாக்கிப் பார்த்தார்கள். ரத்தக் குழாய் வழியாக அதிகக் குளுக்கோஸ் ஏற்றப்பட்டவை மோசமாயின. குறைவாக ஏற்றப்பட்டவை நன்றாகத் தாங்கின. சர்க்கரை கூடக்கூட அழற்சியும் கூடி, அந்தத் தீ குட்டியையே சுட்டது.

இதை வைத்துக் குளிர்ச்சி நல்லதென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குளிர்ந்த குழந்தை சாவுக்கு அருகில் இருக்கிறது. வார்மரும் அம்மாவின் நெஞ்சும் அதற்காகத்தான். நான் சொல்ல வருவது வேறு. நேற்றிரவு நான் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பார்த்த இடத்தில் எவ்வளவோ நடந்துகொண்டிருந்தது.

எடின்பரோவில் 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொற்று வந்த பச்சிளங்குழந்தைகளின் ஒரு துளி ரத்தத்தில் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 52 மரபணுக்களின் கூட்டுச் சாயலை வைத்தே தொற்று உண்டா இல்லையா என்று பிரிக்க முடிந்தது. அந்த 52-க்குள் கிருமியை முதலில் எதிர்ப்பவை இருந்தன, எதிர்ப்பை அடக்குபவை இருந்தன, சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளுபவையும் இருந்தன. ஒரே நேரத்தில் முடுக்கமும் அடக்கமும். வெளியே, அசைவற்ற குழந்தை.


அதே நாள், சாயங்காலம்

பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டி. மேலூர்ப் பக்கமாம். பேரன் உள்ளே இருக்கிறான். "பச்ச மண்ணு டீச்சர். பச்ச மண்ணுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்பேன், நின்று யோசித்ததில்லை. சுடாத மண். தண்ணீர் பட்டால் கரையும், விரல் பட்டால் பதியும். பலவீனமான பானை என்று குயவர் அதைச் சொல்ல மாட்டார். இன்னும் சூளைக்குப் போகவில்லை என்பார்.

விஞ்ஞானம் இந்த வித்தியாசத்துக்கு வந்து சேர நாளாயிற்று. 1953-ல் மெடாவரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டனில், தாய் வயிற்றில் இருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேறு வகை எலியின் செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்தபின் அந்த வகை எலியின் தோலை ஒட்டினால் உடம்பு தள்ளவில்லை, தன்னுடையது என்று வைத்துக்கொண்டது. பெரிய கண்டுபிடிப்பு, 1960-ல் நோபல் பரிசு. ஆனால் அதன் நிழலாக, பிறந்த குழந்தைக்கு எதிர்க்கவே தெரியாது என்ற எண்ணமும் நாற்பது வருஷம் தங்கிவிட்டது. 1996-ல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில், எலிக்குஞ்சாலும் எதிர்க்க முடியும், எவ்வளவு கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று காட்டினார்கள். தெரியாது என்பது ஒன்று. தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது வேறு.

கையைக் கட்டுவது யார்? 2013-ல் சின்சினாட்டியில் ஒரு குழு செய்த சோதனை என் மனதை விட்டுப் போகவில்லை. பிறந்து ஆறு நாளான எலிக்குஞ்சுக்குள் வளர்ந்த எலியின் தற்காப்புச் செல்களைச் செலுத்தினார்கள். குஞ்சுக்கு அது காவலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வீரர்களாக உள்ளே போன செல்கள் அங்கே போனதும் சாதுவாகிவிட்டன. குஞ்சின் செல்களை வளர்ந்த எலிக்குள் வைத்தால் அவை துடியாகின. குறை செல்லில் இல்லை, வீட்டில் இருந்தது. அந்த வீட்டில் நிறைந்திருந்தவை முதிராத சிவப்பணுக்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பிராணவாயு சுமக்கும் வேலைக்கு இன்னும் சேராத பொடியன்கள். தற்காப்புச் செல்களுக்குத் தேவையான அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை இவை ஒரு நொதியால் தின்று தீர்க்கின்றன. மனிதக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் இவை ஏராளம்.

அவற்றை நீக்கிப் பார்த்தார்கள். குஞ்சுகள் லிஸ்டீரியாவையும் ஈ.கோலையையும் முன்னைவிட நன்றாக எதிர்த்தன. ஆனால் அவற்றின் குடலில், அப்போதுதான் வந்து குடியேறிக்கொண்டிருந்த சாதாரண பாக்டீரியாக்களைக் கண்டே அழற்சி கிளம்பியது.

குழந்தை கருப்பைக்குள் இருக்கும்வரை குடல் கிட்டத்தட்டக் காலி. பிறந்த சில நாட்களில் அதில் பாக்டீரியாக்கள் கோடிகோடியாக வந்து இறங்குகின்றன. வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப் போகிறவை. வரும் ஒவ்வொன்றையும் அடித்து விரட்டினால் குடலே மிஞ்சாது. வாசலைத் திறந்து வைத்திருக்கும் நாட்கள் இவை. திறந்த வாசலில் திருடனும் நுழைவான்.

(இப்படி எழுதிவிட்டு மறுபடி தேடினேன். 2015-ல் இன்னொரு குழு, வேறு விதமான தொற்றை உண்டாக்கி அதே செல்களை நீக்கிப் பார்த்தபோது எலிக்குஞ்சுகளின் சாவு எண்ணிக்கை மாறவில்லையாம். எனக்குப் பிடித்த விளக்கம் என்பதற்காக அது முழு விளக்கமாகிவிடாது. அந்தச் செல்கள் மட்டுமல்ல, குழந்தையின் ரத்தத்தில் அதிகமாக இருக்கும் அடினோசினும் கையைக் கட்டும் வேலையைச் செய்கிறது. கயிறு ஒன்று அல்ல.)


ஐந்தாம் நாள்

மகள் கேட்டாள், "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

இல்லை என்றேன். ஆனால் அவள் கேட்டதன் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. கொண்டு சேர்ப்பதற்கென்றே நஞ்சுக்கொடியில் ஒரு ஏற்பி உண்டு. மாதம் நிறைந்த குழந்தையின் ரத்தத்தில் அது அம்மாவுக்குச் சமமாக, சிலசமயம் அம்மாவைவிட அதிகமாகவே இருக்கும். பெரும்பகுதி போவது கடைசி நாலு வாரத்தில். எங்கள் குழந்தை கிளம்பி வந்தது அதற்கு முன்னால். சீர்வரிசை ஏற்றிய வண்டி புறப்படுமுன் பெண் புகுந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

இந்தத் தாய்ச்சீரைக் கண்டுபிடித்த கதை எனக்குத் தொழில்முறையில் நெருக்கமானது. 1892, பெர்லின், பால் எர்லிக். அவர் கையில் எடுத்தவை இரண்டு விதைகளின் விஷம். ஒன்று ஆமணக்கு விதையின் ரிசின். இன்னொன்று குன்றிமணியின் அப்ரின். எங்கள் பள்ளிக்கூட வேலியில் படர்ந்து கிடந்த அதே குன்றிமணி. பொன் நிறுக்கப் பயன்பட்டது. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் செய்தால் கண்ணுக்கு வைப்பது. கடித்து மென்றால் உயிருக்கு ஆபத்து.

எர்லிக் சுண்டெலிகளுக்கு அந்த விஷத்தைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார். பழகிய தாயின் குட்டிகளுக்கும் எதிர்ப்பு இருந்தது. பழகிய தகப்பனின் குட்டிகளுக்கு இல்லை. பிறகு குட்டிகளை மாற்றிப் போட்டார். விஷமே அறியாத தாய்க்குப் பிறந்ததை, பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அதற்கும் எதிர்ப்பு வந்தது! பிறப்பில் வருவது ஒன்று, பாலில் வருவது ஒன்று. ஆனால் இரண்டுமே இரவல். சில வாரங்களில் தேய்ந்துவிடும். ஒரு குன்றிமணிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ரெக்கார்டு நோட்டில் படம் வரையச் சொல்லும்போது பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

எலிக்கும் மனிதருக்கும் இதில் வித்தியாசம் உண்டு. எலிக்குட்டி பாலில் வரும் எதிர்ப்பொருளைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள்ளும் எடுத்துக்கொள்ளும். மனிதக் குழந்தைக்கு ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடி தந்தது. பாலில் வருவது வேறு வகை, குடலிலேயே தங்கி அங்கே காவல் நிற்கும். கன்றுக்குட்டி இன்னொரு தினுசு: கருப்பையில் அதற்கு ஒன்றும் வராது, எல்லாம் சீம்பாலில்தான். மாடு வைத்திருந்த எங்கள் வீட்டில், கன்று ஊட்டிய பிறகுதான் சீம்பாலைக் கறப்பார்கள். அதே வீட்டில், நான் பிறந்தபோது என் அம்மாவின் முதல் பாலைப் பிழிந்து கொட்டச் சொன்னார்களாம். எனக்குச் சேனைத் தண்ணீர் வைத்தார்கள். மாட்டுக்கு இருந்த நியாயம் மனுஷிக்கு இல்லை.

மகள் பம்பில் எடுத்துக் கொடுத்த பால் இன்று 20 மில்லி. மஞ்சளாக, கெட்டியாக. கிண்ணத்தை நர்ஸ் வாங்கிக்கொண்டு போகும்போது நான் எழுந்து நின்றிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.


ஆறாம் நாள்

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. 'நோ குரோத்'.

தொற்று இல்லை என்று அர்த்தமல்ல என்கிறார் டாக்டர். ஒரு மில்லியில் கிருமி அகப்படாமல் போயிருக்கலாம். ஏழு நாள் மருந்து போகட்டும் என்கிறார். ஆக, வந்தது யார் என்று எங்களுக்குத் தெரியப் போவதில்லை. வந்ததா என்பதும்.

சுலபமாகத் தோன்றும் ஒரு கேள்வியை அவரிடம் கேட்டேன். எதிர்ப்பொருள் குறைவென்றால் ஏற்றிவிடலாமே? சிரித்தார். "செஞ்சு பாத்தாச்சு பாட்டி." உண்மைதான். 2011-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு. தொற்று இருந்த, அல்லது இருப்பதாகச் சந்தேகப்பட்ட 3,493 குழந்தைகள். பாதிப் பேருக்குப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ஏற்றினார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது இறந்த, அல்லது பெரிய ஊனத்தோடு இருந்த குழந்தைகள் அந்தப் பக்கமும் 39 சதவீதம், இந்தப் பக்கமும் 39 சதவீதம். வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்தையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறியது. குழந்தைகள் அதனால் கூடுதலாகப் பிழைக்கவில்லை.

வளர்ந்தவரிடம் இருப்பதில் இதற்கு என்ன குறைகிறதோ அதை ஊற்றி நிரப்பினால் சரியாகிவிடும் என்பது, குழந்தையைக் குட்டிப் பெரியவராகப் பார்ப்பது. அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்களில் ஒரு வயதுப் பிள்ளைக்குக் கோட்டு மாட்டி உட்கார வைப்பார்கள். அந்த ஞாபகம் வந்தது.


அன்றே, இரவு

கை. இந்த வார்டில் எல்லாமே கை பற்றியதுதான். வளையலைக் கழற்றச் சொல்கிறார்கள், மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார்கள், முழங்கை வரை சோப்பு. நேற்று ஒருவர் வாட்சோடு உள்ளே போகப் பார்த்து நர்சிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, அங்கேயே பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வைப் படித்தேன். தொற்று வந்தவர்களிடம் அதிகமாகக் கண்ட கிருமி அசினிடோபாக்டர், அடுத்தது கிளெப்சியெல்லா, அதற்கடுத்து ஈ.கோலை. மேலை நாட்டுப் புத்தகங்கள் முதலில் சொல்லும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்ல. இவற்றில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு மசியாதவை. தொற்றுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தன.

அதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. லட்சக்கணக்கான வருஷமாக ஒரு உடம்பு தன் வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தது அம்மாவின் தோலில் இருப்பவைக்காக, அவள் பாலில் வருபவைக்காக. ஆஸ்பத்திரிக் குழாயிலும் சிங்க்கிலும் மருந்துகளைத் தின்று பழகியவை வந்து நுழையும் என்பது அதன் கணக்கில் இல்லை. ஆஸ்பத்திரி இல்லாமலும் இவள் பிழைத்திருக்க மாட்டாள். இரண்டும் உண்மை. நான் போய் மறுபடி கை கழுவிவிட்டு வந்தேன். உள்ளே விடும் நேரம்கூட இல்லை அது.


எட்டாம் நாள்

கங்காரு மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மகளின் சட்டைக்குள் ஒரு குல்லா மட்டும் தெரிகிறது.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, 2021-ல் வந்தது. எடை தேறும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே அம்மாவின் தோலோடு சேர்த்து வைத்தவர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 15.7. தொற்றுச் சந்தேகமும் குறைந்திருந்தது. மருந்து ஒன்றும் இல்லை. சூடு, பால், அம்மாவின் கிருமிகள், வேறு கை படாமை. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

குல்லா அசைந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அழட்டும் என்று தள்ளி வந்துவிட்டேன்.


பதின்மூன்றாம் நாள்

வீடு. கிளம்பும்போது இடது தோளில் பிசிஜி போட்டு அனுப்பினார்கள். காசநோய்க்கான ஊசி. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் நாட்டில், எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இதை உடனே போட்டபோது முதல் மாதச் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாம். காசநோயால் அல்ல, மற்றத் தொற்றுகளால் வரும் சாவு. ஊசி உடம்பைப் பொதுவாகவே உசுப்பிவிடுகிறது என்கிறார்கள். எலிக்குஞ்சுகளில் சில நாளிலேயே வெள்ளணுக்கள் பெருகுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் புதுச்சேரியிலும் சென்னையிலும் 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடம் வேறு ரக பிசிஜியை வைத்துச் செய்த சோதனையில் அப்படி எந்த லாபமும் தெரியவில்லை. எந்த ரகம், எந்த ஊர், அங்கே எந்தக் கிருமி, எல்லாம் சேர்ந்துதான்.

எதிர்வீட்டு அக்கா கழுதைப்பால் ஒரு சங்கு கொடுக்கலாமே என்றார். அன்பாகத்தான். நானும் அன்பாகவே வேண்டாம் என்றேன். அவர் என் கையில் குழந்தையைப் பார்த்து, "தேறிடுமா டீச்சர், மத்த பிள்ளைங்க மாதிரி?" என்று கேட்டார்.

ஸ்டாக்ஹோமில் நூறு குழந்தைகளின் ரத்தத்தைத் துளித்துளியாகப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்து 2018-ல் எழுதியிருக்கிறார்கள். மாதம் நிறைந்தவையும் நிறையாதவையும் பிறக்கும்போது வெவ்வேறாக இருந்தன. மூன்று மாதத்தில் இரண்டு வகையும் ஒரே தடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அக்காவிடம் "தேறிடும்கா" என்று மட்டும் சொன்னேன்.


ஒன்றரை மாதம்

பெயர் வைத்தாயிற்று. எழுதுவதை நிறுத்தியிருந்தேன், எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. பால் குடித்தாள், தூங்கினாள், எடை போட்டாள்.

நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணைப் பென்டாவேலன்ட். தொடையில். காது கிழியக் கத்தினாள். "ராத்திரி காய்ச்சல் அடிக்கும்மா, பயப்படாதீங்க. இந்தச் சொட்டு மருந்தைச் சொன்ன அளவுல மட்டும் குடுங்க. ரெண்டு நாளைக்கு மேல இருந்தாலோ, பால் குடிக்காம துவண்டாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார் கிராம சுகாதார நர்ஸ் அம்மா.

ராத்திரி பத்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். "அம்மா, சுடுது."

உள்ளங்காலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வயிறு சூடு. நெற்றி கொதித்தது. தெர்மாமீட்டரில் 38.1. என் விரலைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, வீடே எழுந்திருக்கும்படி அழுதாள். மகள் சொட்டு மருந்தை அளந்துகொண்டிருந்தாள், கை நடுங்கியது. நான் வாங்கி அளந்தேன். என் கை நடுங்கவில்லை.

மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் மார்பைத் தேடிக் குடித்தாள். குடிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விளக்கைக் குறைத்தேன்.